புது லொறி ட்ரைவருக்கு உண்மையிலேயே கைக்கு எவ்ளோ வரும்? (ஹட்டன் - நுவரெலியா பக்கம்)

டிக்கோயா பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். வயசு 23, டிக்கோயா பக்கம் தோட்டம். ஏ எல் எழுதிட்டு மூணு வருஷம் கொழும்புல ஒரு துணிக்கடைல நின்னேன், ரூம் வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப ஒண்ணும் மிஞ்சல, அதான் ஊருக்கே வந்துட்டேன். லைட் லைசன் முன்னாலயே இருந்துச்சு, போன மாசம் லொறிக்கான சி வன் லைசனும் கைக்கு வந்துருச்சு. ஆனா ட்ரைவிங் ஸ்கூல் லொறிய தவிர லோட் ஏத்துன லொறிய தொட்டதே இல்ல, அத ஒளிக்க விரும்பல.

இப்ப மூணு எடத்துல பேச்சு போகுது. ஒண்ணு நுவரெலியால ஒரு மரக்கறி முதலாளி, பதினாலரை அடி கெண்டர் லொறி, கொழும்புக்கு பக்கத்துல பெலியகொட மெனிங் மார்கட்டுக்கு நைட் ட்ரிப், ட்ரிப்புக்கு 3500. "மாசம் ஒரு லட்சம் லேசா அடிக்கலாம் தம்பி"னு சொன்னாரு. ரெண்டாவது ஹட்டன் டவுன்ல ஒரு சாமான் ஏஜென்சி, கடை கடையா பிஸ்கட், சவுக்காரம் எறக்குற வேல, மாசம் 45,000, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இருக்கு, ஞாயித்துக்கெழம லீவு. மூணாவது மாமா சொல்ற தேயில கொழுந்து ஏத்துற லொறி, கொன்ட்ராக்ட்காரர் கிட்ட, நாளுக்கு 2200.

தோட்டத்துல நாள் கூலிய 2024-ல 1350 ஆக்குனாங்க, 2026 பட்ஜெட்ல 1550-உம் வேலைக்கு வந்தா 200-உம்னு சொன்னாங்க, அப்பா அத வச்சு கணக்கு போட்டு நான் லொறில ஏறுனா நாலு மடங்கு கொண்டாருவேன்னு லயமெல்லாம் (தோட்டத்து லைன் வீடுங்க) சொல்லிட்டாரு. எனக்கு பயமா இருக்கு. மொதல் வருஷத்துல உண்மையா கைக்கு எவ்ளோ வரும்? ஓட்டுறவங்க சொல்லுங்க, ஓட்டாதவங்க சொல்றத ஊர்ல நெறைய கேட்டுட்டேன்.

கெண்டர்காரன்

தம்பி நானும் அந்த பெலியகொட ட்ரிப் தான், 2023-ல ஏறுனேன். அந்த ஒரு லட்சத்த நீயே வகுத்துப் பாரு. 3500-ல ஒரு லட்சம் வரணும்னா மாசம் 29 ட்ரிப் போகணும். சாயந்தரம் அஞ்சு மணிக்கு லீக்ஸும் கரட்டும் ஏத்திக்கிட்டு கெளம்புனா கினிகத்தேனை கித்துல்கல பக்கமா எறங்கி மார்கட்டுக்கு போய் சேர நடுச்சாமம் ஆயிரும், வரிசைல நின்னு நாட்டாமிமார் (மூட்ட தூக்குறவங்க) எறக்கி முடிக்க விடியக்காலம் நாலு அஞ்சு, அப்பறம் திரும்பி மல ஏறணும், முதலாளிக்கு ரிட்டர்ன் லோட் கெடச்சா அத ஒரு எடத்துல போய் ஏத்திக்கிட்டு வரணும், வீட்டுக்கு வந்து படுக்குறப்போ பகல் ரெண்டு மணி. மறுபடி அஞ்சு மணிக்கு போன் அடிக்கும். ரெண்டு நைட் அப்படி போகலாம், மூணாவது நைட் போனா அவிசாவளைல கண்ண தொறந்துக்கிட்டே தூங்குவ. இத சும்மா சொல்லல, நான் தூங்கியிருக்கேன், ஹெல்பர் தொடைல அடிச்சு எழுப்புனான்.

பழகுன ஆளுக்கே 16, 18 ட்ரிப் தான். 17-னு வைய்யி, 59,500. ட்ரிப்புக்கு சாப்பாடு, டீ, வழில ஒரு கொத்து, டொய்லட் காசு எல்லாம் சேர்த்து 800 போகும், அது உன் காசு, முதலாளி தர மாட்டாரு (தந்தா அதிர்ஷ்டம்). 13,600 கழி. மிச்சம் 45,900. அந்த ஏஜென்சி சொல்ற 45-உம் இதுவும் எங்க வந்து நிக்கிதுனு பாத்தியா.

என் மொத மாசம் கேளு, சிரிப்பு வரும். அப்போ ட்ரிப்புக்கு 2500. புது ஆள்னு வாரத்துக்கு மூணு ட்ரிப்பு தான் குடுத்தாங்க, மொத்தம் 14. 35,000. சாப்பாடு 700 மேனிக்கு 9,800. இதுல பெலியகொடைல ரிவர்ஸ் எடுக்குறப்போ இன்னொரு லொறில இடிச்சு சைட் கண்ணாடி போச்சு, 6,500 கழிச்சிட்டாரு. கைல 18,700. அம்மா காசு கவர வாங்கி எண்ணிட்டு மறுபடி ஒருக்கா எண்ணுனாங்க, ஒண்ணும் கேக்கல.

அதனால ரேட் என்னனு கேக்குறதுக்கு முன்னால இத கேளு: மாசம் எத்தன ட்ரிப் உறுதி? சாப்பாட்டு காசு யாரு? போலீஸ் ஃபைன் யாரு? கண்ணாடி, டயர், லைட் ஒடஞ்சா யாரு காசு? லொறிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கா, இல்ல தேர்ட் பார்ட்டி மட்டுமா? தேர்ட் பார்ட்டினா நம்ம லொறிக்கு வர்ற சேதத்துக்கு ஒரு சதம் வராது, அப்போ முதலாளி உன் மூஞ்சத்தான் பாப்பாரு.

டிக்கோயா பொடியன்

அண்ணே 18,700-ஆ 😳 துணிக்கடைல கூட அத விட வந்துச்சே. கண்ணாடிக்கு முழுசாவே கழிச்சாரா, பாதி கூட இல்லையா?

கெண்டர்காரன்

முழுசா. ஒரிஜினல் கண்ணாடினு கழிச்சாரு, மாட்டுனது என்னமோ பழைய சாமான் கடைல வாங்குனது 😂 இப்ப வேற முதலாளி, நல்ல மனுஷன்.

மலைநாட்டு சிங்கம்

ஒரு வருஷம் ஹெல்பரா போடா தம்பி, லைசன் இருந்தா ட்ரைவர் ஆயிருவியா. எல்லாரும் அப்படித்தான் வந்தோம்.

ரம்பொடை வளைவு

சிங்கம் சொல்றது பாதி சரி. நான் 22 வருஷமா ஓட்டுறேன், மொதல் ரெண்டு வருஷம் கிளீனர் தான், அப்போ வேற வழி இல்ல. இப்ப ஹெல்பருக்கு நாள் கூலி ட்ரைவர்ல பாதி மாதிரி, லைசன் கைல வச்சிக்கிட்டு ஒரு வருஷம் போக்குறது வீட்டுக்கு தாங்காது. ஆனா மொதல் மாசமாவது ஒரு பழைய ஆள் கூட ஏறு. மழையில, பனி மூட்டத்துல, ராத்திரில எப்படி எறங்குறாங்கனு பக்கத்து சீட்ல உக்காந்து பாரு. ட்ரைவிங் ஸ்கூல்ல வெறும் லொறியத்தான் ஓட்ட சொல்லித் தருவாங்க, ரெண்டு டன் உருளைக்கெழங்கு பின்னால தள்ளுறத எவனும் சொல்லித் தர மாட்டான்.

நான் சொல்ல வந்தது வேற. காச எப்படி தர்றாங்கனு பாக்குறப்போ டீசல் விஷயத்த யாரும் கேக்குறதில்ல. சில முதலாளிமார் "இந்த ட்ரிப்புக்கு இவ்ளோ டீசல், மிச்சம் புடிச்சா உனக்கு"னு சொல்லுவாங்க. கேக்க நல்லா இருக்கும். புதுசா வர்ற பொடியன் என்னா செய்வான், நானுஓயால இருந்து தலவாக்கலை பக்கம் எறங்குறப்போ, கடுகண்ணாவ எறக்கத்துல, வெலிமடை பக்கம் எறங்குறப்போ, கியர நியூட்ரல்ல போட்டு உருட்ட ஆரம்பிப்பான். டீசல் மிச்சம் ஆகும், சரி. ஆனா நியூட்ரல்ல எஞ்சின் பிடிப்பு இல்ல, எக்ஸோஸ்ட் பிரேக்கும் கியர்ல இருந்தாத்தான் வேல செய்யும், அப்போ முழு பாரமும் கால் பிரேக்ல. அஞ்சாறு வளைவு தாண்டுறப்போ பிரேக் லைனர் சூடாகி கருகுற மணம் வரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். அதுக்கு மேல உன் கைல ஒண்ணும் இல்ல, ரோட்டுக்கு எந்தப் பக்கம் மண்மேடு இருக்கோ அந்தப் பக்கம் சாய்ச்சு நிப்பாட்டுறது தான். நான் ஒருக்கா அப்படி நிப்பாட்டியிருக்கேன் புஸ்ஸல்லாவைக்கு மேல. முதலாளிக்கு லொறி முன்பக்கம் போச்சு, எனக்கு மூணு பல்லு. அந்த ட்ரிப்ல மிச்சம் புடிச்ச டீசல் எவ்ளோனு நெனச்சா இப்பவும் வெக்கமா இருக்கு, ஒரு கொத்து ரொட்டி வாங்குற காசு கூட வராது.

எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல எறங்கு. பழைய ஆளுங்க எல்லாரும் சொல்றது, பழசுனு தட்டாத.

அப்பறம் ரதல்ல குறுக்கு ரோட், 2023 ஜனவரில அந்த பஸ் அடிபட்டதுக்கு அப்பறம் கனரக வாகனத்த அதுல விடுறதில்ல. ஆனா "ராத்திரில போலீஸ் இல்ல, போயிரு, நேரம் மிச்சம்"னு சொல்ற ஆள் இருக்கான். அப்படி சொல்ற முதலாளி கிட்ட வேலைக்கே போகாத.

இன்னொண்ணு, சிங்களம் எப்படி? கொழும்புல மூணு வருஷம் இருந்தா பேசுவ தான. மார்கட்ல, போலீஸ் கிட்ட, வழில சில்லு பஞ்சர் ஆனா எல்லாத்துக்கும் அது தான் வேணும். எழுத்தும் கொஞ்சம் வாசிக்க பழகு, பில்லுல என்னா எழுதியிருக்குனு தெரியாம கையெழுத்து வைக்காத.

டிக்கோயா பொடியன்

சிங்களம் நல்லா வரும் அண்ணே, வாசிக்கவும் ஏலும். டீசல் விஷயம் எனக்கு தெரியவே தெரியாது. நுவரெலியா முதலாளி "டீசல்ல உனக்கும் ஏதாவது நிக்கும்"னு சொன்னாரு, நான் அத நல்ல விஷயம்னு நெனச்சு அப்பா கிட்ட கூட சொன்னேன்.

ரம்பொடை வளைவு

அதான் சொல்றேன்.

ஸ்டோரு கணக்கு

நான் லொறி ஓட்டுறதில்ல, ஓட்டாதவங்க பேச வேணாம்னு தம்பி சொன்னாலும் நான் கணக்கு எழுதுற ஆள், ட்ரைவர்மாருக்கு சம்பள ஷீட் போடுறவன், அதனால ஒரு பக்கம் சொல்லிட்டு போறேன்.

அந்த ஏஜென்சிக்காரர் சொல்ற 45,000-ல பேசிக் எவ்ளோனு கேளுங்க. இது தான் முக்கியம். நெறைய எடத்துல பேசிக்க 30,000-னு போட்டுட்டு (2026 ஜனவரிலருந்து நாட்டுல மாசச் சம்பளம் கொறைஞ்சது அது தான், அதுக்கு முன்ன 2025 ஏப்ரல்லருந்து 27,000) மிச்சத்த இன்சென்டிவ், அட்டென்டன்ஸ்னு எழுதுவாங்க. அப்போ ஈபிஎஃப் 30,000-க்குத்தான் போகும். உங்க கிட்ட 8 வீதம், 2,400 கழியும், கைக்கு 42,600. கொம்பனி 12 வீதம், 3,600 போடும். ரெண்டும் சேர்த்து மாசம் 6,000 உங்க பேர்ல. ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் அவங்களே கட்டணும், அது 900, உங்க கிட்ட கழிக்கவே கூடாது. கழிச்சா கேளுங்க. முழு 45-க்கும் ஈபிஎஃப் கட்டுறாங்கனா கைக்கு 41,400 தான் வரும், ஆனா மாசம் 9,000 உங்க பேர்ல சேரும். கைக்கு கொறஞ்சு தெரியுறது தான் நல்ல கொம்பனி, இத எங்க ட்ரைவர்மாருக்கு வெளங்க வைக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் ரெண்டு பேர் வெளங்காம என்ன திட்டுறாங்க.

ட்ரிப் காசுல இது ஒண்ணும் இல்ல. பத்து வருஷம் ஓட்டிட்டு எறங்குனா ஒரு கடதாசி கூட கைல இருக்காது. பேங்க்ல லோன் கேட்டா சம்பள ஸ்லிப் கேப்பாங்க, லீசிங்ல த்ரீவீல் எடுக்கப் போனாலும் கேப்பாங்க. ட்ரிப்புக்கு ஓட்டுனாலும் ஒருத்தர் கிட்ட நிரந்தரமா ஓட்டுனா ஈபிஎஃப் கட்ட வேண்டியது தான், கட்டலனா ஹட்டன்லயே தொழில் ஒபிஸ் இருக்கு. மோட்டார் போக்குவரத்து தொழிலுக்குனு சம்பளச் சபை ஒண்ணும் இருக்கு, முதலாளிமார் யாரும் அத வாயில எடுக்க மாட்டாங்க.

ஏஜென்சி வேலைல ஒரு பள்ளம் இருக்கு. சாமான் ஷோர்ட். லொறில ஏத்துறப்போ 40 பெட்டினு கையெழுத்து வாங்குவாங்க, சாயந்தரம் 39-னு வந்தா ரெப், ட்ரைவர், ஹெல்பர் மூணு பேர் தலைலயும் பிரிச்சு போடுவாங்க. ஏத்துறப்போ நீங்களே நின்னு எண்ணுங்க, டீ குடிக்க போகாதீங்க.

கொழுந்து லொறி பத்தி: 2200 மேனிக்கு கொழுந்து நல்லா இருக்குற மாசம் 22 நாள் ஓடுனா 48,400. நம்ம பக்கம் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் வெயிலும் பனியும், தேயில நல்ல வெல போகும் ஆனா கொழுந்து கொறஞ்சிரும், அப்போ லொறியையும் கொறைப்பாங்க. 12 நாள் தான் கூப்புட்டாங்கனா 26,400. அப்போ அந்த கொறஞ்ச சம்பளத்துக்கே கீழ போயிடுது. மத்தபடி கொழுந்து மலைக்கும் ஸ்டோருக்கும் (தேயில ஃபெக்டரி) தான் ஓட்டம், சாப்பாடு வீட்டுல, ராத்திரி வீட்டுல. தோட்டத்து ரோட் மட்டும் ரோட்னு சொல்ல ஏலாது.

கெண்டர்காரன்

//கைக்கு கொறஞ்சு தெரியுறது தான் நல்ல கொம்பனி//

இத பிரேம் போட்டு மாட்டணும். எனக்கு ஈபிஎஃப் இல்ல கணக்கு அண்ணே, இத வாசிச்சதுலருந்து வயிறு எரியுது.

லொறிக்காரர் வீட்டம்மா

தம்பி, என் வீட்டுக்காரர் 9 வருஷமா லொறி. நாங்க தலவாக்கலை. அவர் எழுத மாட்டாரு, நான் எழுதுறேன்.

ட்ரிப் காசுல குடும்பம் நடத்துறது எப்படினு யாரும் சொல்லலையே அதான். ஒரு மாசம் 60 வரும், ஒரு மாசம் 30. 60 வந்த மாசத்துல டிவி தவணை எடுத்துட்டு 30 வந்த மாசத்துல நக அடகுக்கு போகும். 2022-ல டீசல் லீட்டர் 460 வரைக்கும் போச்சே, அப்போ வெலய விடுங்க, ஷெட் லைன்ல ரெண்டு நாள் மூணு நாள்னு லொறியோட படுத்துக் கெடந்தாரு, லைன்ல நிக்கிறதுக்கு யார் காசு தர்றது? ட்ரிப் போனாத்தான காசு. நான் சோறு கட்டி பஸ்ல கொண்டு போய் குடுத்துட்டு வந்தேன்.

அதுக்கப்பறம் 2025 நவம்பர் கடைசில டித்வா புயல். மண்சரிவுல எல்லாப் பக்கமும் ரோட் போச்சு, ரயிலும் இல்ல. அவர் ரோட் அடைபட்டு பாதி வழில மாட்டிக்கிட்டாரு, ரெண்டு நாள் போன் இல்ல, உயிரோட இருக்காரானு தெரியாது. வந்து சேந்தப்பறம் 19 நாள் லொறி ஓடல. 19 நாளும் ஒரு சதம் இல்ல. ஏத்துன கோவா அழுகிருச்சுனு முதலாளி அந்த ட்ரிப் காசையும் குடுக்கல, கேட்டதுக்கு "நானும் தான நட்டம்"னாரு. அவருக்கும் நட்டம் தான், இல்லங்கல. ஆனா அவருக்கு கடை இருக்கு.

மாசச் சம்பளம்னா மழ பெஞ்சாலும் வரும். அத நான் இப்போ சொல்றேன், கல்யாணம் கட்டுன புதுசுல நானே தான் அவர ட்ரிப் வேலைக்கு போக சொன்னேன், காசு கூட வருதுனு.

இன்னொரு விஷயம், சொல்லலாமா தெரியல. ராத்திரி வேலைக்கு போற ஆள் பகல்ல தூங்கணும், லயத்துல எங்க தூங்குறது? ஒரு பக்கம் பக்கத்து வீட்டு ஸ்பீக்கர், ஒரு பக்கம் புள்ளைங்க. 2025 மே மாசம் கொத்மலை கெரண்டிஎல்லயில பஸ் விழுந்து 23 பேர் செத்தாங்களே, அதுக்கப்பறம் அவர் தூங்குற நேரம் நான் வாசல்ல உக்காந்து யாரையும் சத்தம் போட விடுறதில்ல. பக்கத்து வீட்டுக்காரி எனக்கு போலீஸ்காரினு பேர் வச்சிருக்கா.

டிக்கோயா பொடியன்

அக்கா உங்களுக்கு பெரிய நன்றி. அம்மாவ பக்கத்துல வச்சு இத வாசிச்சு காட்டுனேன், அம்மா ஒண்ணும் பேசாம எந்திரிச்சு போய் அப்பா கிட்ட "ஏஜென்சிக்கே போகட்டும்"னு சொல்லிட்டாங்க. அப்பா இன்னும் லட்சத்துலயே நிக்கிறாரு.

ரியாத் ரிட்டர்ன்

யாரும் வெளிநாடு பத்தி பேசல. நான் ஹெவி லைசனோட சவூதி போய் 4 வருஷம் ஓட்டுனேன், பேசிக் 1,800 ரியால், ரூம் கொம்பனி, சாப்பாடு நம்ம. இங்க கெடைக்கிறத விட கூட தான். ஆனா தம்பி, புது லைசனோட போகலாம்னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாத. என்ன எடுத்த கொம்பனி ட்ரையல் பாத்துட்டுத்தான் எடுத்துச்சு, லோட்டோட ரிவர்ஸ் எடுக்க சொல்லுவான், அதுல பாதிப்பேர் திரும்பிப் போனாங்க. ரெண்டு வருஷமாவது இங்க ஓட்டி சர்விஸ் லெட்டர் எடு. லெட்டர் யார் தருவா? ட்ரிப் முதலாளி தர மாட்டாரு, கொம்பனி தான் தரும். போறதுனா வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்துல பதிஞ்சிட்டு போ, விசிட் விசால போகாத.

இங்கயே நல்ல காசு வேணும்னா மெதுவா சி, அப்பறம் சி இ எடு. சி வன் 17,000 கிலோ வரைக்கும் தான், அதுக்கு மேல சி, ட்ரெய்லர் இழுக்குறதுக்கு சி இ. கன்டெய்னர் ஓட்டுற ஆளுங்களுக்கும் கெண்டர் ஓட்டுற ஆளுங்களுக்கும் சம்பளம் எட்டாத தூரம். ஆனா கன்டெய்னர் வேல எல்லாம் கொழும்பு துறைமுகத்த சுத்தித்தான், மறுபடி ரூம் வாடகை. ஹெவி லைசன் 4 வருஷத்துக்கு ஒருக்கா மெடிக்கல் எடுத்து புதுப்பிக்கணும், கண்ணையும் சீனியையும் இப்பவே பாத்துக்க.

மலைநாட்டு சிங்கம்

எல்லாரும் சேர்ந்து பொடியன பயம் காட்டி வீட்டுல உக்கார வச்சிருவீங்க போல. நான் ட்ரிப் ஓட்டித்தான் வீடு கட்டுனேன். ஏஜென்சில 45-உம் ஈபிஎஃப்-உம் வாங்கிக்கிட்டு இருந்திருந்தா இப்பவும் லயத்துலதான் இருப்பேன்.

கெண்டர்காரன்

சிங்கம் அண்ணே நீங்க எந்த வருஷம் கட்டுனீங்க?

மலைநாட்டு சிங்கம்

2014.

கெண்டர்காரன்

அப்போ சீமெந்து மூட்ட என்னா வெல, கொத்து என்னா வெல 😂 சரி விடுங்க. ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன், நல்ல முதலாளி கெடச்சு, ரிட்டர்ன் லோட்லயும் பங்கு தந்தாருனா ட்ரிப்ல காசு இருக்கு. எனக்கு இப்ப ரிட்டர்ன்ல சீமெந்து, அரிசி வந்தா தனியா 1500 தர்றாரு. அது மூணாவது வருஷத்துல தான் வந்துச்சு. மொதல் வருஷத்துல எவனும் தர மாட்டான்.

ரம்பொடை வளைவு

சிங்கம் சொல்றதுல ஒரு நாயம் இருக்கு, ஏஜென்சிலயே பத்து வருஷம் நின்னா ஹட்டன் டவுன்லருந்து பொகவந்தலாவ, மஸ்கெலியா தாண்டி ஓட்டத் தெரியாம போயிரும். தம்பி மொதல் ஒண்ணு ரெண்டு வருஷம் அங்க ஓட்டட்டும். நோர்வூட் சந்தில நின்னு நின்னு ஓட்டி, கட வாசல்ல ரிவர்ஸ் எடுத்து எடுத்து கை பழகிரும், அந்த நெருக்கடில பழகுனவன் எங்கயும் ஓட்டுவான். லைனர் மணம், கிளச் பிடிப்பு எல்லாம் பகல்ல கத்துக்க. ராத்திரி ரோட் எங்கயும் போயிராது.

டிக்கோயா பொடியன்

ரெண்டு வாரமா போடல, மன்னிச்சிருங்க. நடந்தத சொல்றேன்.

நுவரெலியா முதலாளி கிட்ட போய் நீங்க சொன்ன மாதிரி ஒவ்வொண்ணா கேட்டேன். எத்தன ட்ரிப் உறுதினா "லோட் இருந்தா வா"னாரு. ஃபைன் யாருனா "ஓட்டுறவன் தான"னாரு. இன்சூரன்ஸ் கேட்டப்போ மூஞ்சி மாறிருச்சு, "நீ லொறி ஓட்ட வந்தியா வழக்கு பேச வந்தியா"னு கேட்டாரு. சரி முதலாளினு கும்பிட்டுட்டு வந்துட்டேன். பஸ்ல வர்றப்போ கொஞ்சம் அழுகையா வந்துச்சு, லட்சம் போச்சேனு.

ஏஜென்சில பேசிக் கேட்டேன், கணக்கு அண்ணே சொன்ன மாதிரியே 30 தான், மிச்சம் அட்டென்டன்ஸும் இன்சென்டிவும். ஆனா எழுத்துல குடுத்தாங்க. பகல் சாப்பாட்டுக்கு 350 தனியா தர்றாங்க, அத மொதல்ல சொல்லவே இல்ல. மொதல் ரெண்டு வாரம் பழைய ட்ரைவர் ஒரு அண்ணன் பக்கத்துல உக்காந்து வர்றாரு, அவருக்கு முழங்கால் ஏலாது, என்ன பழக்கிட்டு ஸ்டோர்ல நிக்கப் போறாராம்.

நேத்து மொத தடவையா முழு லோடோட மஸ்கெலியா பக்கம் போனேன். மழ. எறக்கத்துல செகண்ட் கியர்லயே வந்தேன், பின்னால ஒரு பிரைவட் பஸ்காரன் ஹோர்ன் அடிச்சே கொன்னுட்டான், அந்த அண்ணன் கண்ண மூடிக்கிட்டு "அவன் பாட்டு போடுறான், நீ ஓட்டு"னாரு. சாயந்தரம் வந்து பெட்டி எண்ணுனோம், சரியா இருந்துச்சு. ஏத்துறப்போ நான் டீ குடிக்க போகல.

அப்பா இன்னும் லயத்துல யாருக்கும் சம்பளத்த சொல்லல. கேட்டா "கொம்பனி வேல"னு மட்டும் சொல்றாராம்.

கெண்டர்காரன்

நல்லது தம்பி. சைட் கண்ணாடி ஒடஞ்சா யாரு காசுனு கேட்டியா?

டிக்கோயா பொடியன்

மொதல் கேள்வியே அது தான் அண்ணே. மொத ஒண்ணு கொம்பனி காசாம், ரெண்டாவதுலருந்து பாதி பாதி.

கெண்டர்காரன்

எடது பக்கம் பாத்து ஓட்டு. எப்பவும் எடது தான் மொதல்ல போகும்.